தேட்டமும் வாழ்வும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் வேலணைச் சந்தியில் வாகனத்தை விட்டு இறங்கினால், சுகம் விசாரித்த கையோடு அவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, "அங்கை சம்பளம் எவ்வளவு?" என்பதாகவே இருக்கும். அவர் ஒரு தொகையைச் சொல்வார். கேட்டவர் அதனை நம் ரூபாவிற் பெருக்கிப் பார்ப்பார், வியப்பார், வேலையின்றி வீட்டிலிருக்கும் தம் மகனை நினைத்துக்கொள்வார். கணக்கு அத்துடன் முடிந்துவிடும். நம்மவர்க்குக் கழித்தல் தெரியாது என்பதன்று; கழிக்க வேண்டியவற்றை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இல்லை. வீட்டு வாடகை, குளிர்காலத்து மின்கட்டணம், ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க வாங்கிய கடனின் வட்டி, மாதச் சீட்டுக் காசு, தங்கையின் சீதனத்துக்காக உண்டியலில் அனுப்பிய பணம் ஆகியவற்றையேனும் ஒருவாறு கழித்துவிடலாம். பன்னிரண்டு மணி நேரம் கோப்பை கழுவிய கையின் மரத்துப்போன விரல்களை எந்த நாணயத்திற் கழிப்பது? தாயின் பிரேதத்தைத் தொலைபேசித் திரையிற் பார்த்து அழுத இரவை எந்த வரிசையில் எழுதுவது?

இந்தக் கழித்தற் கணக்கைப் போடுவது இலக்கியத்தின் வேலைகளுள் ஒன்று. பொருளியலாளர் சம்பளத்தையும் விலைவாசியையும் ஒப்பிட்டு ஒரு விடை தருவர், அது வேண்டியதே. ஆயினும் ஒரு மனிதன் தன் நாள்களை விற்றுப் பெற்ற பணத்தினால் எத்தகைய நாள்களை வாங்கினான் என்பதைக் கதையும் கவிதையுமே கேட்க முடியும். ஈழத் தமிழ் எழுத்து இந்தக் கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைத் தீவுப்பகுதியை நடுவாக வைத்து இங்கே ஆராய்வோம்.

நம் மொழியில் இந்தக் கணக்கு மிகப் பழையது. பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறையையே வகுத்துக்கொண்ட மரபு நம்முடையது. பட்டினப்பாலையின் தலைவன் தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். காவிரிப்பூம்பட்டினமே கைக்கு வருவதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று மறுத்துவிடுகிறான். முந்நூற்றொரு அடிகளிற் பெரும்பகுதி அந்தப் பட்டினத்தின் செல்வத்தை வருணிப்பதிற் செல்கிறது; மறுப்புக்குச் சில அடிகளே போதுமாயிருக்கின்றன. துலாக்கோலின் ஒரு தட்டில் ஒரு துறைமுக நகரம் முழுவதையும், மறுதட்டில் ஒரு பெண்ணின் தோளையும் வைத்து நிறுத்த புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அந்தப் பாட்டுக்குக் கரிகாலன் பதினாறு நூறாயிரம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப்பரணி வழிவந்த மரபு கூறும். பொருள் வேண்டாம் என்று பாடியதற்கே பொருள் பரிசு! இந்த முரணைக் கண்டு நாம் நகைக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போகாதிருக்க முடிவு செய்யும் உரிமை அத்தலைவனுக்கு இருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது. கடன்காரன் வாசலில் நிற்கவில்லை. ஊரில் குண்டு விழவில்லை. நெஞ்சோடு வழக்காடுவதற்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு வாய்க்காதவர்களின் பிரிவைப் பாட அகத்திணையில் இடம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கு இந்த விடயத்தில் இலக்கணத்தைவிடச் சட்டமே நெருக்கமானது. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூவகைப்படுத்துகிறது. தகப்பன் வழி வந்தது முதுசம். மணமகள் கொண்டுவந்தது சீதனம். மணவாழ்வின்போது உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். எவ்வளவு துல்லியமான பாகுபாடு! தேட்டத்தில் மனைவிக்குரிய பங்கைக்கூட அது மறக்கவில்லை. ஆனால் தேட்டத்துக்காகச் செலவான ஆண்டுகளை எந்த இனத்திற் சேர்ப்பது என்று தேசவழமை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. கணவன் யாழ்ப்பாணப் புகையிலையைத் தோணியேற்றித் திருவிதாங்கூர்க் கரைக்கு அனுப்பியபோதும் மாரிக்கு முன் வீடு திரும்பிவிடுவான். ஆண்டுக்கணக்கிற் பிரிந்திருக்கும் தேட்டம் ஆங்கிலேயரின் புகையிரதத்தோடும் மிசன் பாடசாலையோடும் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் மலாயாவுக்குச் சென்றனர். புகையிரதப் பகுதி, நிலவளவைப் பகுதி, கச்சேரி, தோட்டக் கந்தோர் என்று எங்கும் அவர்கள் எழுதுவினைஞராயினர். மாதந்தோறும் மணியோடர் வந்தது. ஊரில் கல்வீடு எழுந்தது. பனைவடலி நடுவே நாற்சார் வீடு எழுந்தது. கோயிலுக்குத் தேர் வந்தது. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தையே மணியோடர்ப் பொருளாதாரம் என்று பின்வந்தோர் ஏளனமாகவும் உண்மையாகவும் குறிப்பிட்டனர். ஐம்பத்தைந்து வயதில் கோட்டும் தலைப்பாகையுமாகத் திரும்பி வந்த மலாயாப் பென்சன்காரர் நம் சிறுகதைகளில் நகைச்சுவைப் பாத்திரமாகவே பெரும்பாலும் காட்சியளிக்கிறார். சாய்மனைக் கதிரை, கைத்தடி, கோலாலம்பூர்க் கதைகள்: இவ்வளவே அவர். இது போதாது என்பது நம் கருத்து. அவர் பெற்ற சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை அக்கதைகள் கேட்பதில்லை. இரப்பர்த் தோட்டத்திலே கிராணியாக அவர் பேரேடு எழுதிய மேசைக்கு அப்பால், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட பாற்கட்டுத் தொழிலாளி நின்றான். இருவரும் தமிழர், இருவரும் கடல் கடந்தவர், ஒருவன் மற்றவனின் நாட்கூலியைக் கணக்கிட்டான். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும், பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தையும் எழுதியபோது இந்த இரண்டாம் மனிதனின் பக்கத்தில் நின்று எழுதினர். நம்மவர் முதலாம் மனிதனின் வீட்டு விறாந்தையிலிருந்து எழுதினர். 1942இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்ததும் மணியோடர்கள் நின்றன. மூன்றரை ஆண்டுகள் யாழ்ப்பாணத்து வீடுகள் பல, நம்பியிருந்த வருமானமின்றித் தவித்தன. ஒரு குடாநாட்டின் அடுப்பு இன்னொரு குடாநாட்டின் அரசியலில் எரிகிறது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. அதை மையமாகக் கொண்ட ஒரு பெருநாவலை நாம் படித்ததில்லை.

இடையே ஒன்று சொல்லவேண்டும். ஈழத்து முற்போக்கு விமரிசனத்தின் முதன்மையான குரலாகிய க. கைலாசபதி 1933இல் கோலாலம்பூரிற் பிறந்தவர். மலாயாச் சம்பளத்தின் பயன் கல்வீடு மாத்திரமன்று என்பதற்கு இதுவே சான்று. தேட்டம் சில வேளைகளில், தேடியவர் எண்ணாத வழியிற் செலவாகி நன்மை தந்துவிடுகிறது.

தீவுப்பகுதியார் எல்லோரும் மலாயாவுக்குப் போகவில்லை. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர் ஆகிய ஊர்களிலிருந்து சென்றோர் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்தனர். கொழும்பிலும் காலியிலும் பதுளையிலும் மளிகைக்கடை, சைவக்கடை, சுருட்டுக்கடை என நடத்தினர். முதலாளி தீவான், சிப்பந்தியும் தீவான். சிப்பந்திப் பையன் இரவிற் கடை மேசையிலேயே படுத்துறங்கினான். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினான். ஊர்க்கோயிற் கொடியேற்றத்துக்கு வருடத்தில் ஒருமுறை வீடு வந்தான். உள்நாட்டிலேயே நிகழ்ந்த வெளிநாட்டு உழைப்பு இது. மொழி வேறு, சுற்றம் இல்லை, உரிமையும் உறுதியில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் அந்தக் கடைகள் எரிந்தன. ஒவ்வொரு முறையும் மீளக் கட்டினர். 1983க்குப் பின் பலர் கட்டவில்லை. கப்பலுக்குப் பதில் விமானம் ஏறினர். நாற்பது ஆண்டுத் தேட்டம் ஒரு பிற்பகலிற் சாம்பலாகும் நாட்டில், 'ஊரோடு இருந்து வாழலாமே' என்று அறிவுரை கூறுவது எளிதன்று.

கொழும்பு எழுதுவினைஞரின் வாழ்வை எழுதியவர்களுள் எஸ். பொன்னுத்துரைக்குத் தனியிடம் உண்டு. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தோடு முரண்பட்டு நற்போக்கு என்று தனிக்கொடி பிடித்தவர் அவர். அவரது கொள்கை நமக்கு உடன்பாடன்று; அவருடைய ஏச்சுக்களும் இப்பக்கங்களின் வாசகர்க்குப் புதியனவல்ல. ஆயினும் 1960களில் அவர் எழுதிய 'சடங்கு' என்னும் நாவல் நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலைபார்க்கும் செந்தில்நாதன், மனைவியோடு சில நாள் இருக்கும் ஆசையோடு யாழ்ப்பாணம் வருகிறான். வீடு, பிள்ளைகள், மாமியார், ஊர்க்கடமைகள் எல்லாம் சூழ்ந்துகொள்கின்றன. ஆசை நிறைவேறாமலே அவன் திரும்ப வண்டியேறுகிறான். நாவலின் நிகழ்ச்சி இவ்வளவே. பாலுணர்வை எழுதினார் என்பதற்காக அக்காலத்து ஒழுக்கவாதிகள் அதனைக் கண்டித்தனர். நமக்கு அது சம்பளத்தைப் பற்றிய நாவலாகவே படுகிறது. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கிய பின் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒரு பகற்பயணத் தூரமாயின; அரசாங்க ஊழியனுக்குப் புகையிரத வாறண்டும் கிடைத்தது. தூரம் குறைந்தது, ஆனால் பிரிவு குறையவில்லை. மாறாக, பிரிவு ஒரு நிரந்தர ஏற்பாடாயிற்று. உத்தியோகம் கொழும்பில், குடும்பம் யாழ்ப்பாணத்தில் என்னும் அந்த ஏற்பாட்டில், கணவன் தன் வீட்டுக்கே விருந்தாளியாகிறான். உழைப்பை விற்பவன் தன் உடலையும் அதன் நாள்களையும் சேர்த்தே விற்கிறான் என்பதைப் பொன்னுத்துரை பொருளியற் சொல் ஒன்றும் இல்லாமற் காட்டிவிட்டார். வர்க்கப் பார்வையோடு எழுதிய பலர் கூலியுயர்வுப் போராட்டத்தைப் பற்றி உருக்கமாக எழுதினர். ஒரு எழுதுவினைஞனின் படுக்கையறைவரை அந்தக் கூலிப் பிரச்சினை நீள்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. செந்தில்நாதனின் மனைவியின் கணக்கைப் பொன்னுத்துரையும் முழுதாக எழுதவில்லை. அவள் காத்திருப்பவளாகவே நிற்கிறாள். ஆண்டு முழுவதும் தனியே வீட்டை நடத்தும் அவளது உழைப்பு, கணவனின் ஆசைக்குக் குறுக்கே நிற்கும் தடையாகவே நாவலில் தோற்றமளிக்கிறது. அந்த உழைப்பு இல்லையேல் கொழும்புச் சம்பளமே இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இவ்விடத்தில் மார்க்ஸின் ஒரு சிறு நூலை நினைவுகூர்வது பொருத்தம். 1849இல் வெளிவந்த 'கூலியுழைப்பும் மூலதனமும்' என்னும் கட்டுரைத் தொடரில் அவர் பெயரளவுக் கூலி, உண்மைக்கூலி, ஒப்புநிலைக் கூலி என்று பிரித்துக் காட்டுகிறார். கையில் வரும் காசு முதலாவது. அந்தக் காசு வாங்கும் பண்டம் இரண்டாவது. மூலதனத்தின் இலாபத்தோடு ஒப்பிடுகையில் தொழிலாளியின் பங்கு மூன்றாவது. அங்கே ஒரு வீட்டை உவமையாகக் கூறுவார். சுற்றியுள்ள வீடுகளெல்லாம் சிறியனவாயின் சிறு வீட்டிலும் ஒருவன் நிறைவோடு வாழ்வான். அருகே ஒரு மாளிகை எழுந்தால் அதே வீடு குடிசையாகச் சுருங்கிவிடும் என்பது அவர் கருத்து. இந்த உவமையை விளங்கிக்கொள்ள வேலணையாருக்கு உரையாசிரியர் தேவையில்லை. ஒழுங்கையின் ஒரு பக்கத்தில் ஓலை வேய்ந்த வீடு. மறுபக்கத்தில் இரும்புப் படலையும் மாபிள் விறாந்தையும் கொண்ட மேல்மாடி வீடு, ஆளின்றிப் பூட்டியபடி. ஓலைவீட்டுக்காரனின் வருமானம் குறையவில்லை; அவன் உண்ணும் சோறும் குறையவில்லை. குறைந்தது அவன் மகளைக் கேட்டுவரும் சம்பந்தங்கள். நகரத்துக் கூலியாளைப் பற்றி மார்க்ஸ் சொன்னது நம்மூரிற் சீதனச் சந்தைக்குப் பொருந்துகிறது. ஒருவன் போனால் அடுத்த வீட்டானும் போயே ஆகவேண்டும் என்னும் நிர்ப்பந்தம் இவ்வாறுதான் பிறக்கிறது. அதைப் பேராசை என்று கூறுவோர் அந்த ஒழுங்கையில் வசிக்காதவர்கள்.

இனி, ஊரின் பெருமையைப் பாடும் எழுத்துக்கு வருவோம். கடந்த நாற்பது ஆண்டுகளாகப் புலம்பெயர்ந்தோரின் எழுத்திற் பனைமரமும் ஒடியற்கூழும் கிணற்றடியும் கோயில் மணியும் வாழ்க்கைத்தரத்தின் அளவைகளாக மாறிவிட்டன. அங்கே பணம் உண்டு, வாழ்வு இல்லை. இங்கே பணம் இல்லை, வாழ்வு உண்டு என்னும் வாய்பாட்டில் எத்தனையோ கதைகள் எழுதப்பட்டன. இந்த வாய்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை. கிணற்றடி என்றால் யாருடைய கிணறு? தீவுப்பகுதியிற் பெரும்பாலான கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். வேலணையின் சாட்டி மணற்கரைக் கிணறுகளின் நன்னீரை அயலூர்களும் எதிர்பார்த்திருக்கும் நிலை இன்னும் மறையவில்லை. நன்னீர் அருமையான இடத்தில் நன்னீர்க் கிணற்றின் உரிமையே சாதியின் கோட்டையாகிறது. 1971இல் புங்குடுதீவிற் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ளவேண்டும் என்று மு. தளையசிங்கம் முன்னின்று போராடினார். அவர் பொலிசாரால் தாக்கப்பட்டார். 1973இல் தம் முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். அவரது மெய்யியல் நமக்கு உடன்பாடன்று; அந்தக் கிணற்றடியில் அவர் நின்ற நிலைக்குத் தலைவணங்குகிறோம். டானியலின் 'பஞ்சமர்' முதலிய நாவல்களையும் அவரது 'தண்ணீர்' நாவலையும் படித்தவர்க்குக் கிணற்றடி என்பது ஏக்கத்துக்குரிய சொல்லாக இராது. கிணற்றுக்கட்டில் ஏற முடியாதவனின் மகன் ரொறன்ரோவிலே எந்தக் குழாயையும் திறந்து தண்ணீர் குடிக்கிறான். அவனுடைய வாழ்க்கைத்தரக் கணக்கில் இந்த ஒரு வரியே மற்றெல்லா வரிகளையும் விஞ்சிவிடலாம். ஊரை நினைத்து உருகும் கதைகளை எழுதுவோர் யார், எழுதாதோர் யார் என்று பார்த்தாலே அந்த ஏக்கத்தின் சாதி புலப்படும்.

ஏக்கம் முழுவதும் பொய் என்று நாம் கூறவரவில்லை. சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவெளிக் கிராமம்' அதற்கு மறுப்பு. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளின்போது தீவுப்பகுதி மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினர். ஆளற்ற புங்குடுதீவைப் பாடிய அக்கவிதைகளில் ஊர் ஒரு அலங்காரப் பொருளாக நிற்கவில்லை. காற்று மட்டும் குடியிருக்கும் ஒரு உண்மையான இழப்பாக நிற்கிறது. ஊரின் நினைவை அவர் இனிப்பாக்கவில்லை. இன்றைய எல்லைப்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்; 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 6 இலட்சத்துக்கும் குறைவு. முப்பது ஆண்டுகளில் ஒரு மாவட்டத்தின் குடித்தொகை பெருகுவதற்குப் பதிலாகத் தேய்ந்தது. இந்த எண்களோடு சேர்த்துப் படிக்கவேண்டிய கவிதைகள் அவை. ஆகவே நம் கேள்வி ஏக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எதை இழந்ததற்கான ஏக்கம் என்பதே.

போனவர்களின் பக்கத்திலிருந்து எழுந்த எழுத்துக்களிற் சில இந்தக் கேள்வியை நேர்மையாகச் சந்தித்துள்ளன. பொ. கருணாகரமூர்த்தியின் 'ஒரு அகதி உருவாகும் நேரம்' என்னும் தலைப்பே ஒரு விமரிசனம்: அகதி பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறான். அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்' ஏஜென்சிக்காரர்களின் கையில் நாடு நாடாகக் கைமாறும் இளைஞரின் பயணத்தைச் சொல்கிறது. முத்துலிங்கத்தின் நடையிலே துன்பமும் சுவையாகிவிடுகிறது என்பது நம் குறை. அந்த நடையினாற்றான் அத்தனை பேர் அதைப் படித்தனர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியைச் சேர்ந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வெளிவந்தது. பிரான்சில் அகதி விண்ணப்பம் எழுதுவோரின் மொழியையே அது கதைமொழியாக்கிக் கொண்டது. தன் துன்பத்தை அதிகாரி நம்பும் வடிவில் எழுதிக்கொடுத்தாற்றான் வதிவிட அட்டை. அட்டை இருந்தாற்றான் வேலை. வேலை இருந்தாற்றான் வந்த கடனை அடைக்கலாம். ஒருவன் தன் உழைப்பை விற்பதற்கு முன் தன் துயரத்தை விற்கவேண்டியிருக்கிறது. சம்பளப் பட்டியலில் இடம்பெறாத இந்த முதல் விற்பனையைத் தமிழிற் பிறர் இவ்வளவு கூர்மையாகக் காட்டியதாக நமக்குத் தெரியவில்லை. இயக்கங்களைப் பற்றிய அந்நாவலின் அரசியலிலே பலர்க்குக் கடும் வழக்கு உண்டு. அதற்கு இது இடமன்று. அவரே முதன்மைப் பாத்திரமேற்று நடித்து 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' திரைப்படத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒரு முன்னாட் போராளியும் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் குடும்பம் போல நடித்துப் பிரான்சு சேர்கின்றனர். அவன் பாரிஸ் புறநகரக் குடியிருப்பொன்றிற் பராமரிப்பாளனாகிறான். அங்கும் துப்பாக்கிச் சண்டை. முடிவில் அவர்கள் இங்கிலாந்தில், பச்சைப் புல்வெளியில், வெயிலில் வாழ்கின்றனர். இயக்குநர் ஜாக் ஓடியார் பிரான்சின் புறநகரை எவ்வளவு கண்டிப்போடு காட்டினாரோ அவ்வளவு கண்மூடித்தனமாக இங்கிலாந்தைக் காட்டிவிட்டார். ஒரு நாட்டிற் கிட்டாத வாழ்வு அடுத்த நாட்டில் இருக்கிறது என்பது ஏஜென்சிக்காரனின் வாக்கு. கலைஞனின் வாக்காக அது அமைவது தகாது. பாரிசில் லா சப்பல் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவனும், இலண்டனில் எண்ணெய் நிரப்பு நிலையத்தில் இரவு விழிப்பவனும் ஒரே கதையின் இரு பாத்திரங்கள்.

ஐரோப்பாவையும் கனடாவையும் எழுதிய அளவுக்கு நாம் வளைகுடாவை எழுதவில்லை. ஏன்? எழுதுவோரின் வர்க்கம் அங்கே போகவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் வீட்டுப் பணியாளராக மேற்காசிய நாடுகளுக்குச் சென்றனர். 1985இல் அரசாங்கம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் 2005இல், உண்மை வயதை மறைத்துப் பெற்ற கடவுச்சீட்டோடு சவூதி அரேபியா சென்றார். தம் பராமரிப்பில் இருந்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றவாளியாக்கப்பட்டு, 2013 ஜனவரியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் அரசாங்கம் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது: வீட்டு வேலைக்குப் போகும் தாய், தன் பிள்ளைகளின் வயதையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் காட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை பெறவேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உடையவள் போகலாகாது. பிள்ளையின் நலம் கருதிய ஒழுங்கு என்றனர். தகப்பன்மாரிடம் அவ்வறிக்கை கேட்கப்படவில்லை. 2022இல் நாட்டின் டொலர் கையிருப்பு வற்றியபோது அதே ஒழுங்கைத் தளர்த்தினர். பிள்ளையின் நலம் அந்நியச் செலாவணியின் நலத்துக்கு வழிவிட்டது! தாயின் வாழ்வையும் பிள்ளையின் வாழ்வையும் சம்பளத்தோடு நிறுக்கும் துலாக்கோல் அவள் கையில் இல்லை; அமைச்சின் கையில் இருக்கிறது. இதைவிட வலிய நாவற்கரு எழுத்தாளர்க்கு வேறென்ன வேண்டும்?

2022ஐத் தொட்டுவிட்டபடியால் ஆசிரிய நண்பர்களுக்கு நேரடியாகவே சில சொல்லவேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மதிப்பு, சில மாதங்களில் 360 ரூபாவையும் தாண்டியது. ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டைவிட 70 வீதமளவு உயர்ந்திருந்தது. ஆசிரியரின் சம்பளச் சீட்டில் எழுத்து மாறவில்லை. அச்சீட்டு வாங்கும் அரிசியும் பாண்மாவும் மருந்தும் பாதியளவுக்குக் குறைந்தன. பெயரளவுக் கூலிக்கும் உண்மைக்கூலிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு விரைவாகக் கற்பித்த ஆண்டு வேறில்லை. ஜூன் மாதத்தில் அரசாங்கமே ஒரு சுற்றறிக்கை விட்டது: அரச ஊழியர் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுப்பில் வெளிநாடு சென்று உழைக்கலாம். அவ்வாண்டு 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் புறப்பட்டனர். 2023இல் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 600 கோடி டொலர்.

இவ்வாறு போகும் ஆசிரியரையும் தாதியையும் மருத்துவரையும் நன்றியற்றோர் என்று தூற்றும் குரல் ஒன்று கேட்கிறது. மக்களின் வரிப்பணத்திற் படித்துவிட்டு வேறு நாட்டுக்கு உழைப்பதா என்பது அக்குரலின் வாதம். வாதத்தில் ஒரு பகுதி உண்மை. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி ஒரு சமூகக் கூலி. அத்திட்டத்தின் மத்திய கல்லூரிகளுள் ஒன்று வேலணைக்கும் கிடைத்தது. உழைப்பாளியின் பிள்ளை காசில்லாமற் கற்றது. இலவச மருத்துவமும் அத்தகையதே. சம்பளச் சீட்டில் எழுதப்படாத இந்தக் கூலியைக் கூட்டிப் பார்த்தாற்றான் நம் நாட்டின் வருமானமும் அந்நாட்டின் வருமானமும் நேர்மையாக ஒப்பிடப்படும். பல மேலைநாடுகளிற் பிள்ளையைக் காப்பகத்தில் விடுவதற்கே ஒருவரின் சம்பளத்திற் பெரும்பங்கு போய்விடும். இங்கே அம்மம்மா பார்த்துக்கொள்வார். ஆனால் அந்த அம்மம்மாவுக்கு நீரிழிவு மாத்திரை வேண்டுமே! ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று தனியார் மருந்துக்கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கப்படும்போது, பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் ரியூசன் கொட்டிலுக்குப் பிள்ளை அனுப்பப்படும்போது, சமூகக் கூலி வெட்டப்படுகிறது. வெட்டியவர் யார்? போகிறவரல்லர். நன்றிக்கடனைப் பற்றிப் பேசுவோர் முதலில் அந்தக் கணக்கைக் காட்டட்டும். ஒரு தாதியைப் பயிற்றிய செலவை இந்த ஏழைநாடு ஏற்க, அவளது உழைப்பைச் செல்வநாடு பெறுகிறது. கொடுப்பவன் ஏழை, பெறுபவன் பணக்காரன். அந்தச் செலவைத் திருப்பித் தருமாறு செல்வநாட்டைக் கேட்பதற்கு வாய் எழாதவர்கள் தாதியைக் கேட்கிறார்கள்.

மாணவர்கள் நம்மிடம் கேட்பது இதனினும் சிறிய, கடினமான கேள்வி: போவதா, இருப்பதா? அதற்கு ஒரு சஞ்சிகைக் கட்டுரை விடைகூற முயல்வது அகந்தை. கேட்கும் முறையைப் பற்றி மாத்திரம் சொல்லலாம். மாதச் சம்பளத்தைக் கேட்பதோடு ஒரு மணி நேரத்துக்கு என்ன என்று கேட்கவேண்டும். எத்தனை மணி நேரம் என்றும் கேட்கவேண்டும். அந்நாட்டிற் சங்கம் சேரும் உரிமை உண்டா, வேலை போனால் விசாவும் போகுமா, நோயுற்றாற் சம்பளம் உண்டா, குடும்பம் சேர்ந்து வர எத்தனை ஆண்டு என்பவை சம்பளத்தின் பகுதிகளே. முதலாளி மாறினால் நாட்டைவிட்டே வெளியேறவேண்டிய நிலையில் உழைப்பவனின் பெரிய சம்பளம், சங்கமுள்ள இடத்தில் உழைப்பவனின் சிறிய சம்பளத்தினும் சிறியது. இருப்பவர்க்கும் இதே கேள்விகள் உண்டு: இங்கே இருக்கும் வேலைக்குச் சங்கம் உண்டா? 2021இல் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி நாடு முழுவதும் ஆசிரியர் மாதக்கணக்கிற் பணிபகிஷ்கரித்தனர். சிங்கள ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரே கோரிக்கையோடு நின்ற அந்த மாதங்களைப் பற்றி ஒரு நல்ல சிறுகதைகூட நம் கண்ணிற் படவில்லை. ஐரோப்பாவின் பனியைப் பற்றி எத்தனையோ கதைகள் உள்ளன.

எழுதப்படாதவற்றைப் பற்றிச் சொல்ல இன்னும் சில உள. பூட்டிய மேல்மாடி வீட்டின் திறப்பை வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒட்டடை தட்டி, முற்றம் கூட்டி, வருடம் ஒருமுறை வருவோர்க்குப் படுக்கை விரித்துக் கொடுக்கும் பெண்ணின் கதையை நாம் படிக்கவில்லை. பிள்ளைகள் ஐவரும் ஐந்து நாடுகளில் இருக்க, கூலிக்கு வந்த ஒருத்தி முதியவரைக் குளிப்பாட்டுகிறாள். அவளது சம்பளம் இலண்டனிலிருந்து வருகிறது. அவளுடைய சொந்தத் தாய் வேறொரு தீவிற் தனியே கிடக்கிறாள். குவைத்திலிருந்து திரும்பி வந்த ஒருத்தி, தான் உழைத்துக் கட்டிய வீடு கணவனின் பெயரில் உறுதி எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, தேடியதேட்டத்திற் தன் பங்கு யாது என்று கேட்க நொத்தாரிசிடம் போகிறாள். இவர்கள் நம்மிடையே நடமாடுகிறார்கள். வேலணை மத்திய கல்லூரியின் உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் மாணவியரிற் சிலர் இவர்களுடைய மகள்மார்.